இரண்டு சிறு கோடுகள்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு சினிமாக் கம்பெனியிலிருந்து மூன்று பேர் அமெரிக்காவின் பயோன் நகரத்தில் இரேனா வோய்சிக்கின் வீட்டுக்கு வந்து, சமையலறை மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தி, விளக்குப் போட்டு, அவள் காலரில் மைக்கைக் குத்தினார்கள். நாற்பது வருஷம் சித்திரக்கதைகளுக்கு எழுத்துப் போட்டவள் அவள். கதையை ஒருவர் டைப் அடித்துத் தருவார், படத்தை இன்னொருவர் வரைவார், பாத்திரங்களின் வாயிலிருந்து கிளம்பும் பலூன்களுக்குள் வசனத்தைக் கையால் எழுதுவது இரேனாவின் வேலை. அந்தத் தொழிலுக்கு ஒரே சட்டம்தான். தாளில் இருப்பதை எழுது, புள்ளி கூட்டாதே, புள்ளி குறைக்காதே. சந்தேகம் வந்தால் கதாசிரியருக்குப் போன் போடு.

ஒரே ஒரு தடவை அவள் போன் போடவில்லை. 1985இல், ‘அலைதாங்கி’ முதல் இதழுக்கு. ஆபத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவில் போய் நிற்கும் துறைமுகத் தொழிலாளிதான் அதில் நாயகன். ‘பின்னால நில்லுங்க’ என்பது அவன் முதல் வசனம். கதாசிரியர் ஹெர்ஷலின் ஓட்டை டைப்ரைட்டரில் ‘பி’ சாவி சிக்கிக்கொண்டு, தாளில் ‘பிபிபின்னால’ என்று விழுந்திருந்தது. மெஷின் கோளாறு என்று இரேனாவுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அதே பக்கத்தில் ரவுடி பேசும் ‘பிபிபிடிங்கடா’வை ஒழுங்காகத் திருத்தித்தான் எழுதினாள். நாயகன் வாயில் மட்டும் விட்டுவிட்டாள்.

காரணம் வீட்டில் இருந்தது. அவள் மகன் லூசியனுக்கு அப்போது ஏழு வயது, திக்குவாய். வகுப்பே சிரித்ததில் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டான். புத்தகம் அச்சாகி வந்ததும் அவன் மடியில் போட்டு, “இவனும் உன்ன மாதிரிதான் பேசுறான், பாரு” என்றாள். அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து தன் பெயரைச் சொன்னான். மூன்று முயற்சி பிடித்தது, ஆனாலும் சொன்னான்.

ஹெர்ஷல் முதலில் தாம்தூம் என்று குதித்தார். வாசகர் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்ததும், சாகும்வரை அதைத் தன் யோசனை என்றே சொல்லிக்கொண்டார். இரேனா மறுக்கவில்லை. அவர் தந்த வேலையில்தான் அவள் அடுப்பு எரிந்தது. மேலும், தாளை மீறி எழுதியவள் என்று பெயர் வாங்கினால் அந்தத் தொழிலில் யாரும் மதிக்க மாட்டார்கள். அம்மா தனக்காகவே அப்படி எழுதினாள் என்று லூசியன் நம்பினான். அவன் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

இப்போது அலைதாங்கி படமாகிறான். முதல் இருபது நிமிஷம் திக்குகிறான். சக்தி வந்த கணமே திக்கல் பறந்துபோய், மீதிப் படம் முழுக்கச் செய்தி வாசிப்பவர் மாதிரி பொழிகிறான். முன்னோட்டத்தைப் பார்த்த பழைய வாசகர்கள் கொதித்துப்போனார்கள். அந்தத் தீயை அணைக்கத்தான் விளம்பரப் பிரிவின் கோர்ட்னி கோப்பும் கையுமாக வந்திருந்தாள்.

“எங்க ஆவணக்காப்பகத்துல ஒரிஜினல் தாள் கிடைச்சிருக்கு, மிஸஸ் வோய்சிக். திக்கலே கிடையாது, வெறும் டைப்பிங் தப்பு. படம் அலைதாங்கியோட நிஜக் குரலைத் திருப்பிக் குடுத்திருக்குன்னு நீங்க ரெண்டு வரி சொன்னா போதும். உங்க பேரைத் திரையிலயே போடுறோம்.”

விருந்தாளிகளுக்குக் கசகசா கேக் வெட்டிக்கொண்டிருந்த லூசியனின் கத்தி நின்றது. அவனுக்கு இப்போது நாற்பத்தேழு வயது. மருந்துக்கடை கவுன்ட்டரில் நாள் முழுக்கப் பேசுகிறவன்.

“தப்பா?” என்றான்.

“ஆமா சார். பாவம், டைப்ரைட்டர் செஞ்ச வேலை.”

அவன் அம்மாவைப் பார்க்கவில்லை, கேக்கைப் பார்த்தான். இரேனா வாயைத் திறந்தால் செத்துப்போன ஹெர்ஷலின் பேர் கெடும், அவள் தொழில்மானமும் சேர்ந்து போகும். மூடிக்கொண்டால் தனக்காக எழுதப்பட்டது என்று மகன் இத்தனை வருஷம் வைத்திருந்த நம்பிக்கை போய்விடும். எழுபத்து நாலு வயதில் மானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

“அந்தத் தாளக் குடுங்க” என்றாள். “பாருங்க, மூணு பி. ஒட்டிக்கிட்டு நிக்குது. இப்ப அச்சுல வந்ததப் பாருங்க.”

பழைய இதழை அலமாரியிலிருந்து எடுத்து விரித்தாள். பலூனுக்குள் ‘பி-பி-பின்னால நில்லுங்க’ என்றிருந்தது.

“நடுவுல ரெண்டு சின்னக் கோடு இருக்கே, அதை டைப்ரைட்டரா போட்டுச்சு?”

கோர்ட்னி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நான் போட்டேன். ரவுடி வாயில திருத்தினேன், இவன் வாயில கோடு போட்டேன். ஹெர்ஷலுக்குத் தெரியாம, நான் தெரிஞ்சேதான் போட்டேன். என் பிள்ளை பள்ளிக்கூடத்துல பேசாமக் கெடந்தான்.”

“மேடம், இதை நாங்க யூஸ் பண்ண முடியாது.”

“தெரியும். அதுக்காகச் சொல்லல.”

லூசியன் கைகளைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தான். இதழைத் தொடாமல் குனிந்து பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

“நான் ஒண்ணு சொல்லலாமா?”

“கண்டிப்பா சார். ஆனா படம் முடிஞ்சிருச்சு, எதையும் மாத்த முடியாது.”

“மாத்தச் சொல்லல. அ-அலைதாங்கி பேசி முடிக்கிறவரைக்கும் நாப்பது வருஷம் எல்லாரும் கா-கா...” சொல் அடைத்துக்கொண்டது. தாடை இறுகி, கழுத்து நரம்பு புடைத்தது.

“காப்பாத்தினாங்க?” என்று கோர்ட்னி பரிவோடு எடுத்துக் கொடுத்தாள்.

இரேனா அவள் மணிக்கட்டின் மேல் கை வைத்தாள். “அவனே சொல்லுவான். விடுங்க.”

கேமராக்காரர் ஏனோ கேமராவை நிறுத்தவில்லை.

“கா-காத்திருந்தாங்க” என்றான் லூசியன். “உங்களால இருபது நிமிஷத்துக்கு மேல மு-முடியலையே.”