சாட்சிக் கையெழுத்து

“களவுக்குத்தானே அம்மா சாட்சி வேணும்? கலியாணத்துக்கு என்னத்துக்கு?”

ஏழு வயதில் வினோஜா இப்படிக் கேட்டபோது தயாளினி சிரித்தாள். இப்போது மகளுக்கு இருபத்தாறு வயது. வியாழக்கிழமை சாவகச்சேரிப் பதிவுக் கந்தோரில் கலியாணப் பதிவு. மாப்பிள்ளை றஞ்சித் குருநகர் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. கொழும்பில் மாடிக் கட்டடங்களுக்கு வயர் இழுப்பவன். வினோஜா அங்கே துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். அவன் பக்கச் சாட்சி ஆயத்தம். பெண் பக்கம் ஒரு கையெழுத்து வேண்டும்.

கொடிகாமம் சந்தையில் தயாளினி பூசணிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் தம்பிராசா வந்தார். சந்தைக்கு எதிரே மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை அவருடையது.

“கொழும்புக்கு விட்டது உழைக்கவோ, கடற்கரையிலை மாப்பிள்ளை பிடிக்கவோ?”

“எங்கடை பெடியள் ஆர் அண்ணை இஞ்சை இருக்கினம்? நீங்கள் பேசிக் கொண்டந்த கனடாக்காரர் சீதனமா வீடும் காணியும் கேட்டார். லண்டன்காரர் படத்தைப் பார்த்திட்டுக் கறுப்பெண்டார்.”

“நான் கையெழுத்து வைக்கமாட்டன். வேறை ஆரும் வைச்சாலும் இந்தச் சந்தையிலை இருக்கேலாது.”

அவர் போனதும், பக்கத்து மேடையில் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்த லூர்த்தம்மா கத்தியைத் துடைத்தாள்.

“எனக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும் தங்கச்சி. நான் வாறன்.”

“உங்களுக்கு ஏனக்கா வில்லங்கம்?”

“பேனை என்ன சுறாவே, கடிக்க?”

வியாழக்கிழமை லூர்த்தம்மா பெட்டியில் வைத்திருந்த நல்ல சேலையை உடுத்திப் போய், எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதினாள்.

வெள்ளிக்கிழமை மீன் வாங்க ஆளில்லாத மரக்கறி நாள், லூர்த்தம்மா வரவில்லை. சனி விடியும்போது முதல் ஆளாகச் சந்தைக்கு வந்த தயாளினி, மீன் மேடை முழுக்கக் கறுத்த கழிவோயில் ஊற்றியிருக்கக் கண்டாள். எதிரே அண்ணன் கடை வாசலில் வெறும் ஓயில் வாளி கவிழ்ந்து கிடந்தது.

“பிள்ளையாரே” என்று முணுமுணுத்தபடி தேங்காய்த் தும்பும் சவர்க்காரத் தூளும் எடுத்தாள். நான்கு தரம் தேய்த்தாள். பத்து வாளி தண்ணீர் ஊற்றினாள். தன் சாக்கால் துடைத்துக் காயவைத்தாள்.

முதல் பஸ்ஸில் ஐஸ் பெட்டியுடன் லூர்த்தம்மா வந்தாள்.

“என்ன தங்கச்சி, மேடை மினுங்குது! ஆர் கழுவினது?”

“தெரியேல்லை அக்கா. நானும் இப்பதான் வந்தனான்.”

தயாளினி திரும்பாமல் கத்தியை எடுத்தாள். முதலில் வந்த பெண் அரைப் பூசணிக்காய் கேட்டாள். தயாளினி வெட்டி நீட்டிய கையில், ஓயில் கறுப்பேறிய நகங்களை அந்தப் பெண் பார்த்தாள். பூசணியை வாங்காமல் அடுத்த கடைக்கு நடந்தாள்.