தொண்ணூற்றெட்டுக்குள்ளே

பெரியநாயகி சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, தரையில் விரித்திருந்த சாக்கின்மேல் மல்லாந்து படுத்து, அந்தச் சிவப்புக் காருக்கு அடியில் நுழைந்தாள். ஜாக்கி போட்டுத் தூக்கி, பக்கத்துக்கு இரண்டு மரக்கட்டை கொடுத்திருந்தார்கள். அப்படியும் மூக்குக்கு மேலே நாலு விரல்தான் இடம். அவளுக்கு வயது ஐம்பத்தாறு.

"மெக்கானிக் யாரும் வரலீங்களாக்கா?" ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட இளைஞன் குனிந்து கேட்டான். பந்தயத் தளத்தில் கார்களின் சத்தத்தை அளப்பது அவன் வேலை.

"நான்தானுங்க மெக்கானிக்கு," என்று அடியிலிருந்து பதில் வந்தது.

அவன் நிமிர்ந்து காரின் சொந்தக்காரனைப் பார்த்தான். வளவன் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அவங்க சொல்றதச் செய்யுங்க" என்றான்.

கோயமுத்தூரைத் தாண்டி இருந்த அந்தத் தளத்தில் தொண்ணூற்றெட்டு டெசிபலுக்கு மேல் சத்தம் போடும் எந்தக் காரையும் உள்ளே விடுவதில்லை. சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் மனுமேல் மனு கொடுத்து வாங்கிய விதி அது. புகைக்குழாய்க்கு அரை மீட்டர் தள்ளி, சத்தம் அளக்கும் மீட்டரை வைத்து, இன்ஜினை முறுக்கச் சொல்லி அளப்பார்கள். சற்றுமுன் வளவனின் கார் காட்டியது நூறு. பதினொரு மணிக்கு இன்னொரு தடவை அளக்கலாம். அதற்குமேல் கதவைச் சாத்திவிடுவார்கள்.

மணி பத்தேகால்.

நூறு வர வழியே இல்லை என்று பெரியநாயகிக்குத் தெரியும். திருச்செங்கோட்டில் பட்டறை வாசலில் நேற்று அளந்தபோது தொண்ணூற்றாறுதான். நூற்று முப்பது கிலோமீட்டர் வந்ததில் எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது.

"கண்ணு, ஒரு துணிய நனைச்சுட்டு வந்து கொழாய் வாயில அமுத்திப் புடிச்சுக்க. சார், நீங்க ஸ்டார்ட் பண்ணுங்க, சும்மா ஓடட்டும்."

ஆரஞ்சுச் சட்டைக்காரன் தயங்கிவிட்டு அப்படியே செய்தான். வாய் அடைபட்டதும், புகை வேறு வழி தேடியது. தலைக்கு நேர் மேலே, இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில், கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவதுபோல ஒரு சீறல்.

"நிறுத்துங்க. கெடச்சுருச்சு."

*

அது வளவனின் அப்பா வாங்கிய கார். இங்கிலாந்தில் செய்தது, இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், வளவனைவிட மூத்தது. பள்ளிபாளையத்தில் அவர்களுடைய தறிக் குடோனில் பதினைந்து வருடம் போர்வைக்குள் கிடந்ததை எடுத்து ஓடவைத்திருந்தான். தெருவில் வந்தால் கைக்குழந்தைகள் அழும். முதல் தடவை தளத்துக்குக் கொண்டுபோனபோது நூற்றாறு. வெளியூரிலிருந்து ஒரு சைலன்சரை வரவழைத்து மாட்டினான். சத்தம் செத்தது, கூடவே காரும் செத்தது. மேடு ஏற மறுத்தது. அப்புறம்தான் யாரோ சொல்லி, சங்ககிரி ரோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் சைலன்சர் செய்கிற கருப்பண்ணனிடம் வந்தான்.

கருப்பண்ணனுக்கு அப்போதே இதயம் கால்வாசிதான் வேலை செய்தது. படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆனால் அந்தக் கார் இன்ஜினை ஒருமுறை கேட்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கொல்லக் கூடாதுங்க. இதுக்கு ஒரு கொரலு இருக்குது. அடக்கோணும், அவ்வளவுதான்."

அவர் செய்த முதல் சைலன்சருக்கு நூற்றொன்று வந்தது. வேறொருவராக இருந்தால் ஐந்து குறைந்ததே பெரிது என்றிருப்பார். அவர் அதை வெட்டிப் போடச் சொல்லிவிட்டார். கட்டிலில் படுத்தபடி, பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வரைந்து வரைந்து பார்த்தார். ஓட்டை போட்ட குழாய், அதைச் சுற்றி இரும்புப் பஞ்சு, அதற்குமேல் கண்ணாடிப் பஞ்சு. அடியில் முனகுகிற சத்தத்துக்கென்று பக்கத்தில் தனியாக ஒரு சின்ன அறை. அவர் மனைவி பெரியநாயகி அவர் வரைந்ததைப் பட்டறைக்கு எடுத்துப்போய்த் தகடாக்கிக் கொண்டுவந்து காட்டுவாள். அவர் விரலால் தட்டிக் கேட்பார். "இன்னும் ஒரு இஞ்சு நீளம் வேணும்" என்பார். மறுபடி போவாள்.

இருபது நாளில் முடிந்தது. அந்த இருபது நாளில்தான் டாக்டர், இனிமேல் ஆஸ்பத்திரியில் வைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்.

இன்று விடியற்காலையில் வளவன் வந்து நின்றபோது அவள் போகமாட்டேன் என்றுதான் சொன்னாள்.

"ராசு போவானுங்க." ராசு பட்டறையில் கூட வேலை செய்கிறவன், நாற்பது வயதுக்காரன்.

"ராசு தூக்குவான், முடுக்குவான்," என்றார் கருப்பண்ணன். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. "சத்தம் கேக்கத் தெரியாது அவனுக்கு. உனக்குத்தான் தெரியும்."

"உங்கள இப்பிடி உட்டுப்போட்டு எப்பிடிங்க..."

"செல்வி இருக்கறா."

மகள் அறிவுச்செல்வி கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கருப்பண்ணன் வளவனைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"சார், அது என்ற கைவேலை இல்லீங்க. கணக்குப் போட்டதுதான் நானு. தகடு வளைச்சது, வெல்டு புடிச்சது, பஞ்சு அடைச்சது பூராமும் இவதான். இருவது வருசமா இப்பிடித்தான் நடக்குது. போர்டுலதான் எம்பேரு."

பெரியநாயகிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. செருப்பைத் தேடுவதுபோல வாசலுக்குப் போய்விட்டாள்.

*

இணைப்பில் வைத்திருந்த தகட்டு வளையம் ஒரு பக்கம் கருகித் தின்றுபோயிருந்தது. மாற்று வளையம் கொண்டுவரவில்லை. பையிலிருந்து செப்புக் கம்பியை எடுத்து மூன்று புரியாக முறுக்கினாள். குழாயின் வாயளவுக்கு வளைத்து, நுனிகளைச் சேர்த்துச் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமமாக்கினாள். குழாய் இன்னும் கொதித்தது. மணிக்கட்டில் பட்டு ஒரு இடம் சிவந்தது. கம்பி வளையத்தை இடுக்கில் வைத்து, மூன்று போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்று, கால் சுற்றாக முடுக்கினாள். செம்பு நசுங்கி இடத்தை நிரப்புவது ஸ்பானர் வழியாகக் கைக்குத் தெரிந்தது.

பத்து ஐம்பதுக்குக் காரை மீட்டருக்குக் கொண்டுபோனார்கள். வளவன் முறுக்கினான். ஆரஞ்சுச் சட்டைக்காரன் மீட்டரைப் பார்த்தான். இன்னொருமுறை முறுக்கச் சொன்னான். பிறகு மீட்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான்.

அவள் வீட்டுக்குப் போன் செய்தாள். அறிவுச்செல்வி எடுத்து அப்பாவின் காதில் வைத்தாள்.

"எவ்வளவு?" குரல் காற்றாகத்தான் வந்தது.

"தொண்ணூத்தாறுங்க. மொதல்ல நூறு காட்டுச்சு. ஜாயிண்ட்டுல ஒழுகுச்சுங்க."

போனில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

"ஆரு கண்டுபுடிச்சது?"

"நான்தானுங்க."

"அப்பச் சரி," என்றார்.

அவள் போனை வைக்கப் போனபோது மறுபடியும் அந்தக் காற்றுக் குரல் வந்தது. "ஓடறது கேக்கோணும்."

வளவனிடம் சொன்னாள். அவன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு தளத்துக்குள் போனான். பெரியநாயகி கம்பிவேலி ஓரமாகப் போய் நின்று, போனை உயர்த்திப் பிடித்தாள். தூரத்து வளைவில் சிவப்பு தெரிந்தது. நேர்பாதைக்கு வந்து, அவளைக் கடந்து போயிற்று. இருபது நாளாகத் தட்டித் தட்டிப் பார்த்த சத்தம். அடங்கியிருந்தது, ஆனால் அடிவயிற்றிலிருந்து வந்தது. நல்ல பாட்டுக்காரன் வாய்க்குள் முனகிக்கொள்வதுபோல இருந்தது. வேலியோரம் நின்றவர்கள் அந்தக் காரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் "என்ன வண்டிடா அது" என்றான்.

இரண்டாம் சுற்று வந்தது. அவள் கையை இன்னும் உயர்த்தினாள்.

கார் போனபின் போனைக் காதில் வைத்தாள். அறிவுச்செல்வி பேசினாள்.

"அம்மா... போதும்மா. போன வெச்சிரு."

பெரியநாயகி வேலியைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் சுற்று அவளைக் கடந்து போனது. அதன்பிறகுதான் கையைக் காட்டி வளவனை நிறுத்தச் சொன்னாள்.

*

வீட்டுக்கு வரும்போது மூன்று மணி. சொந்தக்காரர்கள் வந்துவிட்டிருந்தார்கள். கருப்பண்ணனைப் பந்தலுக்கடியில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த வெள்ளைத் துணி சற்று நெகிழ்ந்திருந்தது. அவள் அதைச் சரிசெய்துவிட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

ஆட்டையாம்பட்டியிலிருந்து அவருடைய அக்கா சின்னாயி வந்திருந்தாள். தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அழுது ஓய்ந்தபின் பக்கத்திலிருந்தவளிடம், எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்:

"புருசன் உசுரு போற நேரத்துல காரு பந்தயத்துக்குப் போயிருக்கறா பாரு."

அறிவுச்செல்வி சட்டென்று எழுந்தாள். பெரியநாயகி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எடுப்பதாக இருந்தது. தப்புப் பறை அடிப்பவர்கள் வந்து தோலைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். வளவன் வேட்டி கட்டி வந்து ஆண்களோடு நின்றான். அப்போது தெருமுனையில், தகரத்தை ரோட்டில் இழுத்து வருவதுபோல ஒரு இரைச்சல் கேட்டது. வாடகைக்குச் சொல்லியிருந்த அமரர் ஊர்தி. வாசலில் வந்து நின்று, பட்பட்டென்று வெடித்து அடங்கியது.

பெரியநாயகி தலைமாட்டிலிருந்து எழுந்தாள். பெண்கள் அவள் மயங்கப்போகிறாள் என்று நினைத்துத் தோளைப் பிடித்தார்கள். விலக்கிக்கொண்டு நேராக வண்டிக்குப் போனாள். குனிந்து பார்த்தாள்.

"சைலன்சர் ஓட்டை," என்றாள் டிரைவரிடம். "எத்தன நாளா இப்பிடி ஓட்டற?"

"மாத்தோணுங்கம்மா... நேரமில்ல..."

"ராசு, ஒரு டின்னுத் தகடும் ரெண்டு கிளாம்பும் எடுத்துட்டு வா."

"நான் பண்ணிப்போடறனுங்கக்கா, நீங்க போய் உக்காருங்க," என்றான் ராசு.

"இல்ல சாமி. நீ எடுத்துட்டு வா."

யாரோ பெரியவர் நல்ல நேரம் போய்விடும் என்றார். "அஞ்சு நிமிசமுங்க," என்றாள் பெரியநாயகி. "அவர இந்தச் சத்தத்தோட அனுப்ப முடியாதுங்க."

வளவன் முன்னால் வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து மண்ணில் விரித்தான். அவள் அதன்மேல் படுத்து உள்ளே போனாள். வாசலில் அறுபது எழுபது பேர் நின்றார்கள். தகடு வளைகிற ஓசையும், கிளாம்பு முடுக்கும்போது ஸ்பானர் வழுக்கித் தட்டுகிற ஓசையும் மட்டும் கேட்டன. அறிவுச்செல்வி வண்டியருகே நின்று, அம்மா கை நீட்டும்போதெல்லாம் வேண்டியதை எடுத்துக் கொடுத்தாள். எது வேண்டும் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

வெளியே வந்து, "எடுத்துப் பாரு," என்றாள்.

டிரைவர் சாவியைத் திருப்பினான். வண்டி ஓடுகிறதா என்று சந்தேகப்பட்டவன்போல ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கேட்டான். தப்புக்காரர்களில் மூத்தவர் அவளைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார்.

பிறகு நடக்கவேண்டியதெல்லாம் நடந்தது. ஆண்கள் தூக்கி வைத்தார்கள். தப்பு முழங்கியது. வண்டி மெதுவாக நகர்ந்தது. பெண்கள் தெருமுனைவரை போய் நின்றுவிட்டார்கள். பெரியநாயகி அவர்களுக்கும் கொஞ்சம் முன்னால் போய், வண்டி அரிசி ஆலை வளைவில் திரும்பும்வரை தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். தப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

திரும்பி வந்தபோது வாசலில் சின்னாயி தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தாள். பெரியநாயகி கைகளை நீட்டினாள். முழங்கைவரை கரியும் கிரீஸும். சின்னாயி நீரை ஊற்றினாள். சொம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டாள். அவ்வளவு சீக்கிரம் போகிற கரியில்லை அது.

சொம்பு தீர்ந்ததும் சின்னாயி தொட்டிக்குப் போய் இன்னொரு சொம்பு மொண்டு வந்தாள்.