கழுவாத கேரட்

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் மலர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அதுவல்ல. மலப் பரிசோதனை மேசையிலேயே வருடக்கணக்காக உட்கார்ந்திருப்பவளுக்கு, கடைசி எழுத்தை மட்டும் நாகரிகமாக மாற்றி ரத்தப் பிரிவுக்காரர்கள் சூட்டிய பட்டம் அது. அவளும் கோபித்துக்கொண்டதில்லை. சிரித்தபடியே அடுத்த கண்ணாடித் துண்டை எடுத்து லென்ஸுக்கு அடியில் வைப்பாள்.

ஊரார் வயிற்றுக்குள் இருப்பதை நாள் முழுக்கப் பார்ப்பதாலோ என்னவோ, தன் வீட்டை அவள் துடைத்து வைத்த பாத்திரம் போல வைத்திருந்தாள். செருப்பு வாசலைத் தாண்டாது. காய்கறி உப்புத் தண்ணீரில் ஊறாமல் கத்தியைப் பார்க்காது. லிப்ட் பழுது பார்க்கும் கணவன் கிரீஸ் கையோடு வந்தால் முழங்கையால்தான் மணியடிக்க வேண்டும்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும், ஆறு வயது மகள் சிட்டுவுக்கு உடம்பு எதற்கும் ஒத்துவரவில்லை. முட்டை பட்டால் உதடு வீங்கும். போர்வையை உதறினால் மூச்சு இரைக்கும். முழங்கை மடிப்பில் சொறிந்து சொறிந்து எப்போதும் புண். போன வருடம் பள்ளிக்கூட வாசலிலேயே உதடு நீலம் பாரித்துவிட, கணவன்தான் அள்ளித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அன்றைக்குப் பிறகு அவன் பேச்சே குறைந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமையும் மலருக்கு வேலை உண்டு. அதனால் அன்று சிட்டுவை அவன் தன் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போவான். தங்கையும் அவள் புருஷனும் ஊருக்கு வெளியே, சாக்கடைத் தண்ணீர் பாயும் காய்கறித் தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். அங்கே போவதில் மலருக்கு அரை மனசுதான். ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. நாத்தனாரின் மூன்று பிள்ளைகளும் வெறுங்காலோடு சேற்றில் புரள்கிறவர்கள், தும்மல்கூடப் போடாதவர்கள். அந்தப் பொறாமை வேறு அவளுக்கு உள்ளூர இருந்தது.

சில மாதங்களாக மகளுக்கு இரைப்பு கூடிக்கொண்டே போனது. உறிஞ்சும் மருந்தும் முன்போல் கேட்கவில்லை. நுரையீரல் மருத்துவரம்மா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, ஒவ்வாமைக்கு ஏறும் வெள்ளையணு அளவுக்கு மீறி ஏறியிருக்கிறது, எதற்கும் மலத்தையும் பார்த்துவிடலாம் என்றார். மலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு ஊருக்குப் புழு பார்க்கிறவள் வீட்டிலேயேவா? இருந்தாலும் டாக்டர் வார்த்தையைத் தட்டக் கூடாதென்று மறுநாள் டப்பாவைத் தானே கொண்டுபோய், கூட்டம் குறைந்த பிறகு, கண்ணாடித் துண்டில் உப்புநீர் விட்டுக் கலந்து வைத்துப் பார்த்தாள்.

பழுப்பு மஞ்சளில், ஓரமெல்லாம் மேடும் பள்ளமுமாக, உருண்டைப் புழுவின் முட்டைகள். ஒன்றல்ல. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் இருந்தன.

லென்ஸைத் துடைத்தாள். டப்பா மாறியிருக்கும் என்று மூடியைப் பார்த்தாள். அதிலிருந்தது அவள் கையெழுத்து. இன்னொரு கண்ணாடித் துண்டு தயாரித்தாள். அதிலும் அதே கதை. ரத்தப் பிரிவுப் பெண்ணைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "நல்லாவே இருக்கு மலரக்கா, மூட்டை கட்டலாம்போல. எந்த வார்டு?" என்றாள்.

மலர் மூடியிலிருந்த பெயரை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சிட்டுவை மடியில் இருத்திக்கொண்டாள். அதட்டினால் குழந்தை வாயை மூடிக்கொள்ளும் என்று தலையைக் கோதியபடியே, அத்தை வீட்டில் என்னென்ன சாப்பிடுவாய் என்று பேச்சுக் கொடுத்தாள்.

"கேரட். அப்பா தோட்டத்துலேர்ந்து பிடுங்கித் தருவாரு."

"கழுவித் தருவாராடா?"

"ம்ஹூம். கழுவுனா மருந்து போயிடும்னு சொன்னாரு. அம்மாகிட்ட சொல்லக் கூடாதாம்." சொல்லிவிட்டோமே என்று சிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மலர் மகளை இறக்கிவிட்டாள். வாசலில் முழங்கையால் அடிக்கும் மணி கேட்டது. கதவைத் திறந்தவள், வழியை விடாமல் அங்கேயே நின்று கேட்டாள். அவன் மறைக்கவில்லை. இத்தனை நாள் சுமந்ததை இறக்கி வைக்கிறவன் போல நிலைப்படியில் சாய்ந்துகொண்டான்.

"நீதானே சொன்னே."

"நானா?"

"உங்க ஆஸ்பத்திரிக்கு ஆராய்ச்சிக்காரங்க வந்தாங்களே. அலர்ஜி இருக்கான்னு பிள்ளைங்க கையில சொட்டு வச்சு ஊசியால கீறிப் பார்த்தாங்கன்னு சொன்னியே. சின்னதுலேர்ந்து வயித்துல புழு இருந்த பிள்ளைங்களுக்குத் தடிப்பே வரலைன்னு, இதே வீட்ல, சாப்பிடும்போது நீதானே சொன்னே. தங்கச்சி பிள்ளைங்களைப் பாரு. எதாவது ஒண்ணு இரைக்குதா?" அவன் தன் கிரீஸ் கையைத் திருப்பிப் பார்த்தான். "அன்னைக்கு அவளைத் தூக்கிட்டு ஓடினது நான். என் கையில அவ மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. வேற என்ன செய்யச் சொல்றே?"

சொன்னது உண்மைதான். அன்று அவள் அதை ஒரு வேடிக்கையான சேதியாகச் சொல்லிவிட்டு, தட்டைக் கழுவப் போய்விட்டாள். அவன் மட்டும் அதை மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். அடிக்க ஓங்கிய கை எப்போது இறங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் இருவருமே மருத்துவரம்மாவிடம் போனார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். பிறகு கணவனைப் பார்த்துத்தான் விளக்கினார். புழு தான் பிழைத்திருப்பதற்காக உடம்பின் எதிர்ப்பை மட்டுப்படுத்தி வைக்கும். கைக்குழந்தையிலேயே அதற்குப் பழகிய உடம்பு, தூசிக்கும் முட்டைக்கும்கூட அவ்வளவாகச் சீறாமல் இருக்கலாம். அதுவும் எல்லோருக்கும் இல்லை, எல்லாப் புழுவுக்கும் இல்லை. சிட்டுவுக்கோ ஒவ்வாமை ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. இந்தப் புழுவின் குஞ்சுகள் குடலிலிருந்து ரத்தத்தில் ஏறி, நுரையீரல் வழியாகத்தான் தொண்டைக்கு வந்து மறுபடி வயிற்றுக்கு இறங்கும்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் புதுசு புதுசா அவ நுரையீரலுக்குள்ள அனுப்பியிருக்கீங்க. இரைப்பு ஏன் கூடுச்சுன்னு இப்பப் புரியுதா?"

அவன் எழுந்து வெளியே போய் நடைபாதைச் சுவரைப் பார்த்து நின்றான். அவன் தோள் குலுங்குவதை மலர் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். போய்த் தொட அவளுக்கு மனம் வரவில்லை.

மாத்திரை கொடுத்த இரண்டாம் நாள், கழிவறையிலிருந்து சிட்டு வீறிட்டாள். வெளிறிய புழுக்கள் பின்னிக் கிடந்தன. எத்தனையோ பிள்ளைகளுக்குப் புழு என்று எழுதிக் கொடுத்த மலர், பெற்ற பிள்ளையிடமிருந்து வந்ததைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். சில வாரங்களில் இரைப்பு பழைய அளவுக்கு இறங்கியது. முட்டைக்கும் தூசிக்கும் வரும் ஒவ்வாமை மட்டும் அப்படியேதான் இருந்தது. அந்த வீட்டில் அவனும் அவளும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள்.

மருத்துவரம்மா சொன்னபடி நாத்தனாரின் பிள்ளைகளையும் வரவழைத்தாள். மூவர் வயிற்றிலும் புழு. சின்னவளுக்கு ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு வேறு; ரத்தம் பாதிக்குப் பாதி குறைந்து, உள்ளங்கை வெளுத்துக் கிடந்தது. தும்மல்கூடப் போடாதவர்கள் என்று இத்தனை நாள் பொறாமைப்பட்ட பிள்ளைகளின் முடிவை எழுதும்போது மலருக்குப் பேனா ஓடவில்லை. புழு நிறைந்த உடம்பில் சில தடுப்பூசிகள்கூட முழுசாகப் பிடிக்காமல் போகலாம் என்று மருத்துவரம்மா சொன்னது வேறு காதில் நின்றது.

நாத்தனார் மாத்திரை அட்டையை வாங்கவில்லை. நடந்ததையெல்லாம் அண்ணன் வாயாலேயே கேட்டு ஆடிப்போயிருந்தாள்.

"அண்ணி, இதைக் குடுத்துப் புழு போயிட்டா, அப்புறம் என் பிள்ளைங்களுக்கும் சிட்டு மாதிரி இரைப்பு வந்துடுமா?"

அந்தக் கேள்வியை மலர் எதிர்பார்க்கவில்லை. வராது என்று சொல்லி வாங்க வைத்துவிடலாம். ஆனால் போகிற போக்கில் சொன்ன ஒரு பேச்சு என்ன செய்யும் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

"அடிச்சுச் சொல்ல முடியல. சில பிள்ளைங்களுக்குத் தடிப்பு கிடிப்பு வரலாம்னு சொல்றாங்க, வராதுன்னும் சொல்றாங்க. டாக்டருக்கே முழுசாத் தெரியல. ஆனா சின்னவ ரத்தம் போறது எனக்குத் தெரியும். நான் கண்ணால பார்த்தேன்."

நாத்தனார் சின்னவளின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பிறகு அட்டையை வாங்கி, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றாக வாயில் போட்டு மென்று விழுங்கச் சொன்னாள். அவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு மென்றார்கள். மலர் அங்கிருந்து நகரவில்லை. மூவரின் நெஞ்சும் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.