முப்பத்தொரு நாள் பிந்திய கோதுமை

கனடாவில், மில்லிக்கனுக்கு வடக்கே எட்வேட் என்ற வெள்ளைக்காரக் கிழவரின் இருபது ஏக்கர் நிலம் 1993இல் எங்கள் கைக்கு வந்தது. கோதுமை விதைத்து, பனிக்காலம் தாண்டிப் பயிர் நிமிர்ந்து நின்றால் ஐந்து வருடத்துக்கு நிலம் உங்களுக்கு, இல்லையென்றால் உழுது சோளம் போட்டுவிடுவேன் என்றார். கிளிநொச்சி நெல் ஆராய்ச்சி நிலையத்தில் எட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். இங்கே ஸ்காபரோவில் பிளாஸ்டிக் மூடிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்த நிலம் நிலைத்தால் மறுபடி மனிதனாகிவிடலாம் என்று நம்பினேன்.

செப்டெம்பர் கடைசியில் விதை, விதைக்கிற மெசின் எல்லாம் தயார். அப்போதுதான் கொழும்பிலிருந்து போன் வந்தது. போருக்குள்ளிருந்து தப்பிக் கொழும்புக்கு வர, கிளாலிக் கடலில் அப்பா வந்த படகு கரை சேரவில்லையாம்.

துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை நல்ல காரியம் எதையும் தொடங்கக்கூடாது. மொட்டையடித்து, அழுது ஓய்ந்த மூன்றாம் நாள் அண்ணன் நவரட்ணத்திடம் மெல்லக் கதை கொடுத்தேன்.

“அண்ணை, ஒக்டோபர் பத்துக்குப் பிறகு விதைச்சால் மட்டம் வெடிக்காது. பக்கக் கிளை ஒண்டும் வராமல் ஒற்றைத் தண்டோட நிண்டிடும்.”

“அப்பா போயிட்டார். நீ மட்டத்தைப் பற்றிக் கதைக்கிறாய்.”

“எட்வேட்டைக் கொண்டு விதைப்பிப்பமே?”

“ஆர் விதைச்சாலும் எங்கட விதைப்புத்தான். உந்தக் கதையை விடு.”

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் தகப்பனுக்காக மூத்த மகன் கேட்கிற ஒரு மாதத்தை எந்த முகத்தோடு மறுப்பது? எட்வேட்டே அப்பிள் பையோடு வந்து, தொப்பியைக் கழற்றித் துக்கம் விசாரித்துவிட்டு, விதைப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் போனார்.

ஒக்டோபர் முப்பதாம் தேதி விதைத்தோம். பிந்திய விதைப்புக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, மட்டம் வெடிக்காத குறையை விதையால் நிரப்புவது. வரிசையில் அடிக்கு இருபது விதை விழ வேண்டிய இடத்தில் முப்பது விழும்படி கூட்டினேன். நவம்பர் கடைசியில் முளை ஒற்றை இலையோடு எட்டிப் பார்த்தது. அடுத்த கிழமையே பனி மூடிவிட்டது.

போரில் வழியெல்லாம் அடைபட்டுப் பிந்திய ஒரு கடிதம் டிசம்பரில் வந்தது. அப்பாவின் கையெழுத்து. காய்ச்சல் என்று அந்தப் படகில் ஏறவில்லையாம். அண்ணன் கடிதத்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டு குழந்தைபோல அழுதார். நானும் அழுதேன். அப்பா உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோஷத்துக்குள், அப்படியானால் அந்த முப்பத்தொரு நாள் எதற்கு என்ற கேள்வியும் கிடந்தது. அதை நினைத்ததற்காக என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

எட்வேட்டிடம் நாங்கள் சொல்லவில்லை. பொய் சொல்லி நாளைக் கடத்தினோம் என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்து, நான்தான் தள்ளிப்போட்டேன்.

மார்ச்சில் நிலம் பகலில் இளகியது, இரவில் இறுகியது. மண் உப்பி, வேர் பிடிக்காத முளைகளை வெளியே தூக்கிப் போட்டது. வேலை முடிந்து போய் அவற்றை விரலால் அமுக்கி வைப்பேன். மறுநாள் மறுபடி மேலே கிடக்கும். இருபது ஏக்கரை விரலால் அமுக்க முடியுமா?

ஏப்ரல் கடைசியில் எட்வேட் அளவுகோலோடு வந்தார். அடிக்கு ஏழு பயிராவது வேண்டும். குனிந்து எண்ணினார். ஐந்து, நான்கு, ஓரிடத்தில் எட்டு, பிறகு மூன்று. நான் நெருக்கிப் போட்ட விதையெல்லாம் எங்கே போனதென்று எனக்கே தெரியவில்லை.

அவர் நிமிர்ந்து தொப்பியைக் கழற்றினார். இது உங்கள் பிழையில்லை, தகப்பனை இழந்தவர்களிடம் தேதி பேசுவது நியாயமில்லை, இந்தமுறை உழுதுவிடுவோம், செப்டெம்பரில் நேரத்துக்கு இன்னொருமுறை விதைத்துப் பாருங்கள் என்றார்.

எனக்கு மூச்சு திரும்பி வந்தது. நான் தலையை மட்டும் ஆட்டினால் போதும்.

“என்னவாம்?” என்றார் அண்ணன். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் பிடிபடாது.

“அப்பாவைப் பற்றிச் சொல்லுறார்.”

அண்ணனின் முகம் மலர்ந்தது. நான் தடுக்குமுன் எட்வேட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “பாதர் குட். பாதர் கொழும்பு. லாஸ்ட் வீக் டெலிபோன்.”

எட்வேட் என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் படகு என்றேன், காய்ச்சல் என்றேன், கடிதம் என்றேன். என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, திங்கட்கிழமை சோளத்துக்கு உழப்போவதாகவும் செப்டெம்பர் பேச்சு இனி இல்லையென்றும் சொல்லிவிட்டு ட்ரக்கில் ஏறினார்.

அண்ணன் ட்ரக் போகும் திசைக்குக் கையசைத்துக்கொண்டு நின்றார்.

“நல்ல மனிசன்” என்றார். “அப்பா இருக்கிறார் எண்டதும் அந்தாளுக்கு வாயே எழும்பேல்லை, பார்த்தியே.”