இரண்டாவது பாதி

"தப்ப நிப்பாட்டுங்க. தயானி பேசப்போகுது" என்று தோட்டத் தலைவர் கையைத் தூக்கியதும் லயத்து வீடுகளின் வாசலில் தப்பு மேளச் சத்தம் அடங்கியது. மைக்கைத் தயானியிடம் கொடுத்தார்கள். அதைக் கை மாற்றிப் பிடித்தாள். எதிரே பெட்டிக்குள் அவளுடைய அப்பா கந்தப்பன். நேற்று நெஞ்சுவலியில் போனவர்.

பேச்சு அவளுக்குப் புதிதல்ல. பதுளையில் ஒரு இன்சூரன்ஸ் கிளையில் வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதுகிறவள். 'உங்கள் இன்று எங்கள் கடமை, உங்கள் நாளை எங்கள் பொறுப்பு' என்று அவள் எழுதியதற்கு மேனேஜர் கேக் வெட்டினார். பிறந்த தேயிலைத் தோட்டத்து ஆட்களும் அவளை விடவில்லை. யார் செத்தாலும் பெட்டியைத் தூக்குமுன் அவள் பேசவேண்டும். ஆம்பளை என்றால் தொடக்கம் எப்போதும் ஒன்றுதான்: "பெரட்டுக்கு முந்தி நின்றவர், பெண்டாட்டியைத் தாங்கி நின்றவர்." குடித்தே அழிந்தவனுக்கும் அதைத்தான் சொன்னாள். கேட்டவர்கள் அழுதார்கள். அவளுக்கு அப்போதெல்லாம் ஒன்றும் உறுத்தவில்லை.

காலையில் அம்மா கருப்பம்மா கேட்டாள்.

"என்னா பேசப்போற?"

"தெரியலம்மா."

"என்னா வேணாலும் சொல்லு. என்னையப் பாத்து மட்டும் சொல்லாத."

அப்பா அடித்து முறித்த அம்மாவின் இடது கை, கூடிய பிறகும் கோணலாகவே இருந்தது. அந்தக் கையால்தான் இப்போது பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தாள். தயானிக்கு அப்பாவின் மேல் ஆத்திரம் இருந்தது. பாசமும் இருந்தது, அதுதான் அவளைப் படுத்தியது.

வேறு ஏதாவது சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பழக்கம் முந்திக்கொண்டது.

"பெரட்டுக்கு முந்தி நின்றவர்..."

அது உண்மைதான். மழையோ காய்ச்சலோ, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அவர் பிந்தியதே இல்லை.

கூட்டம் காத்திருந்தது. மீதி எல்லோருக்கும் மனப்பாடம். முன்வரிசைக் கிழவர் ஒருவர் அவளுக்கு மறந்துவிட்டது என்று நினைத்து, "பெண்டாட்டிய..." என்று எடுத்துக் கொடுத்தார். தயானிக்குக் காது சுட்டது. சொல்லிவிட்டால் முடிந்தது, நாலு பேர் அழுவார்கள், அப்பா மரியாதையாகப் போவார். பார்க்கக்கூடாது என்று நினைத்தபடியே அம்மாவைப் பார்த்துவிட்டாள்.

கருப்பம்மா பெட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

"தூக்குங்கப்பா" என்றாள். "மழ வரப்போகுது."

பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. நாலு பேர் குனிந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள்.