ஒரு பல் தள்ளி

மூன்று நாளாக அந்தக் கை கழன்று வரவில்லை. உதவிக்கு வந்த பக்கத்துக் கடை லேத்துக்காரர் சலித்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஸ்டியரிங் பெட்டியிலிருந்து கீழே இறங்கும் தண்டின் பற்களில் மாட்டியிருக்கும் இரும்புக் கை அது. ஸ்டியரிங்கை ஒடித்தால் அந்தக் கைதான் ஆடிச் சக்கரங்களைத் திருப்பும். ஜீப் என் தங்கை புருஷனுடையது. மலைப்பாதையில் ஒரு மழைநாள் மத்தியானம், இடது வளைவில் திரும்பாமல் பள்ளத்தில் விழுந்தது. மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டான்.

அந்த நேரத்தில் தங்கை அவனுக்குப் போன் அடித்திருந்தாள். "இவ போனை எடுக்கப் போய்த்தான் என் பையன் ஒடிக்க மறந்துட்டான்" என்று மாமனார் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அவளே அப்படித்தான் நம்பினாள். காரியமெல்லாம் முடிந்ததும் என் மெக்கானிக் பட்டறைக்கு வந்து, "வண்டியில ஏதாவது கோளாறு இருந்துச்சான்னு கழட்டிப் பாருண்ணா" என்றாள்.

அந்தக் கையை நாலு மாதம் முன்னால் மாட்டியவன் நான்தான்.

மூன்றாம் நாளும் அவள் வந்து பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தாள். லேத்துக்காரர், கையைப் பிடித்து இழுக்கும் புல்லரை மாட்டி இறுக்கினார். திருகு முனகியது, கை அசையவில்லை.

"மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையாட்டம்ல உக்காந்திருக்கு. எவ்வளவு தட்டினாலும் எழுந்திருக்க மாட்டேங்குது" என்றவர், அவளைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பரவால்லண்ணே" என்றாள். "அவரு ரெண்டு நாளுக்கு மேல எங்கயும் தங்கமாட்டாரு. வண்டி சாவி கையில அரிக்கும்."

"கேஸ் வெச்சுச் சூடு காட்டலாமா?" என்று என்னிடம் கேட்டார்.

"வேணாம். ரெண்டு பக்கமும் சுத்தியல் வெச்சு ஒரே நேரத்துல அடிப்போம்."

அடித்தோம். ஏழாவது அடியில் வெடி வெடித்த மாதிரி சத்தம் கேட்டு, கை புல்லரோடு தரையில் விழுந்தது.

துணியால் துடைத்துப் பார்த்தேன். தண்டில் ஒரு கோடு. கையின் துளைக்குள் ஒரு கோடு. இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். துருவின் தடம் வேறு கணக்குச் சொன்னது. ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தேன்.

மாட்டிய அன்றே தெரிந்திருக்க வேண்டும். வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நின்றது. மறுபடி அடியில் படுத்துக் கழற்றச் சோம்பல். மேலே ஸ்டியரிங் வீலை மட்டும் கழற்றி நேராக வைத்துவிட்டேன். பார்வைக்குச் சரியாகிவிட்டது. மறுவாரம் மாப்பிள்ளை வந்து, "இடது பக்கம் சீக்கிரமே முட்டுது மச்சான்" என்றான். "புதுக் கை. ஓட ஓடச் சரியாயிடும்" என்றேன். என் பேச்சை அவன் தட்டியதே இல்லை.

எழுந்து போய் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்துப் பார்த்தேன். ஒரு நூல்கூட நகரவில்லை. விழுந்ததில் வளைந்துபோன ஸ்டியரிங் கம்பி அதை இடது கோடியிலேயே பிடித்து வைத்திருந்தது. கடைசி வரைக்கும் ஒடித்திருக்கிறான்.

"என்னண்ணா?" என்றாள்.

தேய்மானம் என்று சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள். லேத்துக்காரர் இரண்டு கோடுகளையும் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனார்.

"கையை நான் தப்பா மாட்டியிருக்கேன். இடது பக்கம் முழுசாத் திரும்பாது. மாப்பிள்ளை வந்து சொன்னாரு. நான் அடியில படுத்துக்கூடப் பாக்கல."

அவள் குனிந்து அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்போ அவரு ஒடிச்சிருக்காரு."

"முழுசா ஒடிச்சிருக்காரு."

"என் போனால இல்ல."

"இல்லம்மா."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பக்கத்தில் போனேன். கையை நீட்டித் தடுத்தாள்.

"மாமாகிட்ட வந்து சொல்லணும். இதே மாதிரி, ஒண்ணுகூட விடாம."

"சொல்றேன். வா, பைக்ல போயிடலாம்."

"நீ போ. நான் பஸ்ல வந்துக்கறேன்."