தபோதரனின் முதலாம் வகுப்பு

எல்லாம் சரியாக நினைவில் இருக்கிறதென்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சட்டம் நிறைவேறியபோது பனி கொட்டியதா, மழை பெய்ததா என்பதில்கூட எனக்கு ஐயம் உண்டு. ஆனால் எங்கள் ஊர்க் கசினோ, பஸ் சாரதி தபோதரனைக் கண்டால் முன்னூற்றைம்பது மீற்றர் விலகி நின்றது என்பதில் ஐயமே இல்லை. அதை ஊரே பார்த்தது.

ஜெர்மனியின் எசன் நகரிலிருந்து ட்ராமில் வந்துவிடக்கூடிய ஊர் எங்களுடையது. சுரங்கம் மூடிய சில வருடங்களில், சந்தியில் இருந்த நாலுமாடிப் பெருங்கடையும் மூடியது. அந்தக் காலத்துச் சட்டப்படி மாநிலத்தில் ஒருசில நகரங்களில் மட்டுமே கசினோ இருக்கலாம். தபோதரனுக்குச் சுழலும் சக்கரத்தில் உருளும் அந்தச் சின்னப் பந்தின் மேல் தீராத ஆசை. ஆனால் மிக அருகிலிருந்த கசினோவுக்கே இரண்டு ரயில் மாறவேண்டும். மாறுகிற நிலையத்தில் குளிரில் நிற்கும்போது பலமுறை மனம் திரும்பி, சுடச்சுட ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். ஒருமுறை தன்னை உள்ளே விடவேண்டாமென்று கசினோவுக்குத் தானே எழுதிக் கொடுத்தார். வருடம் முடிந்ததும் அந்தத் தடையை நீக்கும்படியும் தானே எழுதிக் கொடுத்தார். தன் குடும்பத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது கடவுளுமல்ல, கணவனின் சத்தியமுமல்ல, அந்த ரயில் நிலையம்தான் என்பது அவருடைய மனைவி தேவமலருக்குத் தெரியும். அவள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் முதலாம் வகுப்பு ஆசிரியை. புள்ளி போடுவதில் அரைப் புள்ளிகூட விட்டுக்கொடுக்காதவள். “இனி ஒருக்கால் உள்ளுக்குக் கால் வைச்சியளெண்டால் நான் மகளிட்டை ஹனோவருக்குப் போறன். திரும்பி வரமாட்டன்,” என்று ஒரேயொரு தடவை சொன்னாள். இரண்டாம் தடவை சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை.

அந்த வேளையில்தான் கசினோக்களைப் புதிய ஊர்களுக்கும் விரிவாக்கும் சட்டமூலம் மாநிலப் பாராளுமன்றத்துக்கு வந்தது. எங்கள் ஊரின் பெயரும் அதில் இருந்தது. இடம், மூடிக் கிடந்த பெருங்கடை. அதாவது தேவமலர் சமைக்கிற குசினியின் யன்னலுக்கு நேரெதிரே. பள்ளிக்கூடங்களிலிருந்து முன்னூற்றைம்பது மீற்றர் தள்ளி இருக்கவேண்டும் என்று சட்டமூலத்தில் ஒரு வரி இருந்தது. ஹனோவரில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மகள் சுஜானி அதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்ட, தேவமலர் தன் பாடசாலையைக் காட்டி ஆட்சேபிக்க விசாரணைக் கூட்டத்துக்குப் போனாள். சனிக்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் நடப்பதைப் பள்ளிக்கூடமென்று ஏற்க ஏலாது என்றார்கள். சட்டமூலத்தை ஆராய்ந்த பாராளுமன்றக் குழுவின் தலைவி மக்டலீன் மட்டும், அப்படியென்றால் உங்கள் பிள்ளைகள் எப்போது மாணவர் ஆகிறார்கள் என்று கேட்டாள். விஜயதசமியன்று மடியில் இருத்தி, விரல் பிடித்து, தட்டில் பரப்பிய அரிசியில் முதல் எழுத்தை எழுத வைப்போம், அந்த நேரத்திலிருந்து என்று தேவமலர் சொன்னாள். மக்டலீனுக்கு அது பிடித்துப்போயிற்று. கட்டடத்திலிருந்து அல்ல, அப்படித் தொடங்கிய மாணவரிடமிருந்தே கசினோ அந்தத் தூரத்தில் நிற்கவேண்டும் என்று வரியை மாற்றினாள். கசினோ முகாமையாளர் பீலிக்ஸ், முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் சம்மதம் என்றார். கசினோ திறக்கும் நேரத்தில் அந்த வயதுப் பிள்ளைகள் படுத்திருப்பார்கள் என்பது அவருடைய எண்ணம். எல்லோரும் கை உயர்த்தினார்கள்.

திறப்பு விழாவுக்கு முந்திய விஜயதசமியன்று கோயிலில் சின்னப் பிள்ளைகளின் வரிசையில் தபோதரன் பஸ் சீருடையோடு உட்கார்ந்திருந்தார். ஏதோ மனைவியின் நேர்த்திக்கடன் என்று நினைத்து அவரும் மறுக்கவில்லை. ஐயர்தான் தயங்கினார்.

“ஊரிலை மூண்டு வயசிலை ஏடு தொடக்கியிருப்பினமே. தொடக்கினவருக்குத் திரும்பத் தொடக்க ஏலாது, பிள்ளை.”

“இடையிலை விட்டவருக்குத் தொடக்கலாம்தானே, ஐயா?”

“அதுக்கு வடிவாப் பதில் தெரியேல்லை. ஆனா மடியிலை இருத்தச் சொல்லிக் கேக்காதையுங்கோ.”

பக்கத்தில் இருத்தி விரலைப் பிடித்தார்கள். பஸ்ஸின் சுக்கானையே பிடித்துப் பழகிய அந்தத் தடித்த விரல் அரிசியில் ‘அ’ எழுதியது. அன்றே தேவமலர் அவருடைய பெயரை முதலாம் வகுப்பில் பதிந்துகொண்டாள். அவர்கள் வீட்டுக்குத் திரும்பியபோது குசினி யன்னலுக்கு எதிரே கசினோ இல்லை. அது இருந்த இடத்திலிருந்து தெரு நீண்டு கிடந்தது; எலுமிச்சை வாசம் வீசும் மரங்கள் நிரையாக நின்றன. நிரையின் கடைசித் தொங்கலில், தொலைவில், கசினோவின் சிவப்பு எழுத்துகள் தெரிந்தன. தபோதரன் வேலைக்குப் போனால் தெரு பழையபடி சுருங்கும். அவர் வீட்டில் நிற்கும் நாட்களில் ரொட்டிக் கடைக்கு நெடுந்தூரம் நடக்கவேண்டியிருக்கிறது என்று அயலவர்கள் நகரசபையில் முறையிட்டார்கள். அளக்க வந்தவர்கள் அளந்துவிட்டு, சட்டம் ஒழுங்காகப் பின்பற்றப்படுவதாக எழுதிக் கொடுத்தார்கள்.

ஆசை அதனால் போய்விடவில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம் தபோதரன் வெள்ளைச் சேட்டு போட்டுக்கொண்டு சிவப்பு எழுத்துகளை நோக்கி நடந்தார். கசினோ பூங்காவைத் தாண்டியது, கால்வாயைத் தாண்டியது, பக்கத்து ஊரின் உதைபந்தாட்டத் திடலுக்குள் போய் நின்றது; அங்கே விளையாட்டை நிறுத்தி வழிவிட்டார்கள். பொழுதுபடத் திரும்பியபோது வாசலில் தேவமலரின் பயணப் பை நின்றது.

“போய்ச் சேர ஏலாமப் போச்சு,” என்றார்.

அவள் சோற்றைப் போட்டாள். பையை மட்டும் வாசலிலேயே விட்டாள்.

பிறகு பஸ் நிறுவனம் கசினோவுக்கு ஒரு தரிப்பிடம் வைத்தது. தபோதரன் ஓட்டும் நாட்களில் அந்தத் தரிப்பிடம் வரவே வராது. ஆட்டக்காரர்கள் வழியில் இறங்கி, “நீங்கள் போங்கோ மனுசன், நாங்கள் நடக்கிறம்,” என்று ஜெர்மனில் கெஞ்சுவார்கள். பீலிக்ஸ் பூச்செண்டோடு வீட்டுக்கு வந்து, வருட முடிவுப் பரீட்சையில் இவர் சித்தியடைந்து இரண்டாம் வகுப்புக்குப் போய்விடுவார்தானே என்று பணிவாகக் கேட்டார். அதுவரை தேவமலர் அதை யோசித்திருக்கவில்லை. பூக்களை வாங்கித் தண்ணீரில் வைத்தாள். அன்றிரவு அவளுக்கு நித்திரையில்லை. தபோதரன் நாள்தோறும் தமிழ்ப் பத்திரிகையை வரி விடாமல் வாசிக்கிற மனிதர். சரியாக எழுதினால் சரியென்றுதான் புள்ளி போடவேண்டும். பிழையாகப் போட அவளுக்குக் கை வராது.

கோடையில் பரீட்சை நடந்தது. தபோதரன் சின்னக் கதிரையில் முழங்கால் நாடியைத் தொட உட்கார்ந்து எழுதினார், அல்லது எழுதுவதுபோல் இருந்தார். பக்கத்துச் சிறுமி, “மாமா, என்னைப் பாத்து எழுதாதையுங்கோ,” என்று தாளைக் கையால் மறைத்தாள். யன்னலுக்கு வெளியே, தொலைவில், சிவப்பு எழுத்துகள் பகலிலும் எரிந்துகொண்டிருந்தன. அவர் அதை நெடுநேரம் பார்த்தார். நேரம் முடிந்து தேவமலர் தாள்களை எடுத்தபோது அவருடைய தாளில் ஒரு பஸ் படம் மட்டும் இருந்தது.

“ஒண்டும் எழுதேல்லையே?”

“தெரியேல்லை, ரீச்சர்.”

“உங்கட பேருமோ?”

“அதை அடுத்த வருசம் படிக்கிறன்.”

படம் வரையச் சொல்லிக் கேள்வி இருக்கவில்லை. அவள் சைபர் போட்டாள். அன்று வீட்டுக்குப் போனதும் வாசலில் நின்ற பையைத் திறந்து, சேலைகளை அலுமாரியில் அடுக்கினாள்.

அடுத்த விஜயதசமிக்குக் கோயில் வாசலிலிருந்து ட்ராம் நிலையம்வரை பெண்கள் வரிசையில் நின்றார்கள். தமிழ்ப் பெண்கள் மட்டுமல்ல, துருக்கிப் பெண்கள், போலந்துப் பெண்கள், ஜெர்மன்காரிகள். ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்துக்கொண்டு ஒரு ஆண். அரிசி போதாமல் கடையிலிருந்து மூட்டைகள் வந்தன. எல்லாப் பக்கமும் மாணவர்கள் ஆகிவிட்டதால் கசினோ ஊருக்குள் கால் வைக்க இடமில்லாமல், கால்வாய்க்கு அப்பாலிருந்த சுரங்கக் கழிவு மேட்டின் உச்சியில் ஏறி நின்றது. மாநிலப் பாராளுமன்றம் கூடி, அந்த மேட்டையும் அனுமதிக்கப்பட்ட இடங்களில் சேர்த்தது.

பீலிக்ஸ் மேட்டுக்குக் கம்பிவடத்தில் ஏறியிறங்கும் ஒரு தொட்டில் போட்டார். காட்சி பார்க்க வருகிறவர்களால் அது நன்றாக ஓடுகிறது. மக்டலீன் அடுத்த தேர்தலிலும் வென்றாள். சுஜானி ஹனோவரில் சட்டத்தரணியாகிவிட்டாள். எலுமிச்சை வாசம் வீசும் மரங்களை நகரசபை பராமரிக்கிறது. தேவமலர் இன்னும் முதலாம் வகுப்புக்கே படிப்பிக்கிறாள், அரைப் புள்ளியும் விட்டுக்கொடுப்பதில்லை. தபோதரன் ஓய்வு பெற்றுவிட்டார். சனிக்கிழமைகளில் நேரத்துக்கு வந்து, சின்னக் கதிரையில் உட்கார்ந்து, பஸ் படம் வரைகிறார். படங்கள் வருடத்துக்கு வருடம் நன்றாகி வருகின்றன.